சுவர்ப் பக்கத்து நாற்காலி

"குறுக்கத் தேய்க்காத பிலோமி, நார் வாக்குல தேய்" என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே படுத்துக்கொண்டு காதாலேயே என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் குறுக்கேதான் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மை, அதனால்தான் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், இரும்போடு மல்லுக்கட்டியவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம், கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். உப்புத்தாளைத் திருப்பிப் பிடித்து மேசைப் பலகையில் நார் ஓடுகிற வாக்கிலேயே தேய்க்கிறேன். தூள் மூக்கில் ஏறுகிறது. மேசையைப் பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் எடுத்தேன், நாற்காலி நான்கும் சேர்த்து. முழுக்க முழுக்கத் தேக்கு என்று கடைக்காரர் தன் பிள்ளைகள்மேல் சத்தியம் செய்தார். கால்கள் தேக்குதான், மேல் பலகை வேறு ஏதோ சாதி, பாவம் அந்தப் பிள்ளைகள். வண்டிக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து தூக்கிவந்து இங்கே வைத்தார்கள், வைத்த இடத்தைவிட்டு இனி நகர்த்த என்னால் ஆகாது, அதனால் பழைய செய்தித்தாளைச் சுற்றிலும் விரித்து வைத்த இடத்திலேயே தேய்க்கிறேன். சாப்பாட்டு அறை என்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், வீடு கட்டியவர் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவைத்த இடம். ஒரு பக்கம் சுவர், எதிர்ப்பக்கம் ஃப்ரிட்ஜ், நடுவில் ஆள் போக வழி. இத்தனை வருஷமும் இங்கே பாய் விரித்து உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், மேசை வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. இப்போது அவரால் தரையில் உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது.

மேல் பலகை முழுக்க வட்டங்கள். டம்ளர் வைத்து வைத்து விழுந்த கறை, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. நேற்றே ஆரம்பித்தேன், போவேனா என்கின்றன. ஒரு துணியைப் போட்டு வைத்திருந்தால் என்னவாம் என்று முகம் தெரியாத அந்தக் குடும்பத்தை வைதுகொண்டே தேய்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், நான்கு இடத்திலும் வட்டங்கள் இடது பக்கமாகவே இருக்கின்றன. தட்டு வைக்கிற இடம் வெறுமை, வலது பக்கம் வெறுமை, இடது பக்கத்தில் மட்டும் வட்டத்துக்குமேல் வட்டம். யோசித்தால் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வலது கை சோற்றில் இருக்கும், டம்ளரை இடது கையால்தான் எடுத்தாக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் இடது கைக்கு நாம் கொடுத்திருக்கிற உத்தியோகம் அது ஒன்றுதான். மற்றபடி மடியில் கிட என்று வைத்திருக்கிறோம். கைக்கு வைத்திருக்கிற பெயரைப் பாருங்களேன், ஒன்று சோத்தாங்கை, இன்னொன்றின் பெயரைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சொல்லக்கூட முடியாது. இதையெல்லாம் நான் என்றைக்காவது நினைத்திருப்பேனா, நினைக்கவே மாட்டேன், பக்கவாதம் வந்து அவருடைய வலது பக்கத்தை வாரிக்கொண்டு போகும்வரை. கால் பாதி திரும்பிவிட்டது, தடி பிடித்து நடக்கிறார். பேச்சு முழுக்கத் திரும்பிவிட்டது, அதற்கு மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி கடன், அந்தப் பேச்சுதான் இப்போது நார் வாக்கு நார் வாக்கு என்கிறது. கை மட்டும் வரவில்லை. மடியில் கிடக்கிறது, யாரோ அங்கேயே கிட என்று சொல்லிவிட்டுப் போனதுபோல.

தட்டைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட வேண்டும், கதவைச் சாத்திவிட வேண்டும், கூப்பிட்டால்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கொஞ்ச நாளில் போட்ட எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். முதல் சில நாள் நான் ஊட்டிவிட்டேன். ஒரு நாள் வாயை இறுக்க மூடிக்கொண்டார், நான் என்ன எட்டு மாசக் குழந்தையா என்றார். சரி, அப்படியானால் நீங்களே சாப்பிடுங்கள் என்றேன். அப்படியானால் நீ வெளியே போ என்றார். அன்றையிலிருந்து அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. இடது கையால்தான் சாப்பிட முடியும், இடது கையால்தான் சாப்பிடுகிறார், அது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும், ஆனால் அந்தச் சொல் எங்கள் இருவர் வாயிலும் வருவதில்லை. டம்ளர்தான் காட்டிக்கொடுக்கும். திரும்பி வருகிற டம்ளரின் வெளிப்பக்கமெல்லாம் ரசத்துச் சோறு அப்பியிருக்கும், ஒரே கையால் சோற்றையும் எடுத்துத் தண்ணீரையும் எடுத்தால் வேறு எப்படி இருக்கும். படுக்கை விரிப்பில் பருக்கை கிடக்கும். விரிப்பை மாற்றுவேன், டம்ளரைத் துலக்குவேன், ஒன்றும் கேட்க மாட்டேன். சிலுவை போட்டுக்கொள்ளும் கையும் அதுதானே, அந்த வலது கைதானே. சாப்பாட்டுக்கு முன்னால் சிலுவை போடாமல் ஒரு வாய் எடுத்து வைத்தவரில்லை. இப்போது போடுகிறாரா, இடது கையால் போடுகிறாரா, போடாமலே சாப்பிடுகிறாரா, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்கு என்ன தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தனியாகச் சாப்பிடுகிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை. அழுகை வருகிற அளவுக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் பெலிக்ஸ் போன் செய்தான். ஒரே பிள்ளை, ஓசூரில் வேலை, போன வருஷம் கல்யாணம். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், ஜெனிட்டாவும் வருகிறாள் என்றான். சந்தோஷம், கறி எடுக்கிறேன் என்றேன். "அப்பா எங்களோட உக்காந்து சாப்பிடுவாராம்மா?" என்றான். ஏன் அப்படிக் கேட்கிறாய் என்றேன், எனக்குத் தெரியாததுபோல. "இல்லம்மா, நாங்க வெளிய உக்காந்து சாப்பிட, அவர் உள்ள கதவச் சாத்திக்கிட்டு சாப்பிட, எனக்கு எறங்காது. அவருக்குச் சங்கடம்னா சொல்லு, நாங்க பஸ் ஸ்டாண்டுலயே சாப்பிட்டுட்டு வந்துடறோம்" என்றான். மத்தியப் பேருந்து நிலையத்து ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுத் தாய் வீட்டுக்கு வருகிற பிள்ளை. வயிற்றெரிச்சல் என்றால் இதுதான். கட்டிவந்த பெண்ணின் முன்னால் என் அடுப்புக்கு என்ன மரியாதை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை, அவன் யோசித்துத்தான் சொன்னான், யோசித்துச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்குக் காலையில சொல்றேன்டா என்று போனை வைத்தேன், அந்த நாளைக்குக் காலை வந்து போய், அதற்கு அடுத்தடுத்த காலைகளும் போய், நாளை விடிந்தால் ஞாயிறு. இன்னும் சொல்லவில்லை. பதிலுக்குப் போய் மேசை வாங்கிவந்தேன். இவரிடம் எதற்கு என்று சொல்லவுமில்லை. மேசை இருந்தால் வந்து உட்காருவார் என்று ஒரு கணக்கு. பாயில் உட்கார முடியவில்லை என்பதுதான் காரணம், கை அல்ல காரணம் என்று அவரும் சொல்லிக்கொள்ளலாம், நானும் சொல்லிக்கொள்ளலாம், பெலிக்ஸும் நம்பினாற்போல இருக்கலாம். வட்டம் இன்னும் போகவில்லை, இந்த மூலையில் ஒன்று, ஆணி அடித்ததுபோல உட்கார்ந்திருக்கிறது.

பெலிக்ஸ் பிறவியிலேயே இடது கைக்காரன். கிலுகிலுப்பையை இடது கையில்தான் பிடிப்பான், பந்தை இடது கையால்தான் எறிவான். தானாகச் சோறு அள்ளித் தின்ன ஆரம்பித்தபோது இடது கையை வைத்தான். இதோ இதே இடத்தில்தான், பாயில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், அவருக்கு வலது பக்கத்தில் அவன். அப்பாவின் வலது முழங்கையும் பிள்ளையின் இடது முழங்கையும் வாய்க்கு வாய் இடித்துக்கொள்ளும். முதலில் சிரித்தார். அப்புறம் கையில் தட்டினார். அப்புறம் கரண்டிக் காம்பால் தட்டினார். நாலு பேர் நம்ம புள்ளயப் பத்தி என்ன சொல்லுவான், கல்யாணப் பந்தியில எவன் பக்கத்துல உக்காருவான் என்பார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார், ஃபிட்டர் அல்லவா, எதற்கும் ஒரு வழி இருக்கும் அவரிடம். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள் என்றார். பிள்ளை தன் கைமேல் தானே உட்கார்ந்துகொண்டு, வலது கையால் சட்டையெல்லாம் சிந்திக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாகச் சாப்பிட்டான். பிறகு பழகிவிட்டது. எல்லாரும் சொன்னார்கள், பரவாயில்லையே, திருத்திவிட்டீர்களே என்று. ஆனால் போன வருஷம் அவன் கல்யாண விருந்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தான் பாருங்கள், கோட்டும் சூட்டுமாக, அப்போதும் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான். தனக்கே தெரியாமல். நான் பரிமாறுகிற இடத்திலிருந்து பார்த்தேன். இவரும் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய் யாரிடமோ தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நடந்ததும் அதனால்தான். பிசியோதெரபிப் பெண் நல்ல பெண், சின்னப் பெண், சிரித்த முகம். தட்டில் இட்லியைப் பிட்டு வைத்து, இந்தக் கையால சாப்பிடுங்க சார், ஒரு தப்பும் இல்ல சார், என்று அவருடைய இடது கையைத் தூக்கித் தட்டின்மேல் வைத்தாள். கட்டில் காலடியில் பெலிக்ஸ் நின்றுகொண்டிருந்தான். இவர் அவனைத்தான் பார்த்தார். இட்லியைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. பெலிக்ஸ் என்ன செய்தான் என்றால் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மரியாதைக்குத்தான். அப்பா கஷ்டப்பட வேண்டாமே என்றுதான். எனக்குத் தெரியும், என் வயிற்றில் பிறந்தவன், அவன் அப்படித்தான். இவருக்கு எப்படிப் பட்டதோ. ஒரு துண்டை எடுத்தார், அது கீழே விழுந்தது, கையை இழுத்துக்கொண்டார், பசியில்லை என்றார். அங்கேயே ஆரம்பித்துவிட்டது இந்தக் கதவு. ஆஸ்பத்திரியில் கதவு இல்லை, திரைத்துணி, அதை இழுத்துவிடச் சொன்னார். பெலிக்ஸ் சிரித்திருந்தாலாவது, என்னப்பா, இப்ப எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலாவது இவர் திருப்பித் திட்டியிருப்பார், திட்டிவிட்டுச் சாப்பிட்டிருப்பார். ஜன்னலைப் பார்க்கிற பிள்ளையை என்ன சொல்லித் திட்டுவது.

இந்த மூலை வட்டம் போய்விட்டது. நாற்காலிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றுக்குக் கால் குட்டை, ரப்பர் துண்டு வைத்து ஆணி அடித்தாயிற்று. உட்காருகிற மெத்தையைப் பிரித்தால் உள்ளே யாருடைய சட்டைப் பொத்தானோ ஒன்றும் கருகிப்போன கடலைப் பருப்பும் இருந்தன. புதுத் துணி நானே தைத்துப் போட்டேன், தையல் எனக்குத் தொழில், இந்தத் தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கை என் கத்தரிக்குத் தப்பியதில்லை. ஆளை ஒரு தடவை பார்த்தாலே தோளும் கையும் எத்தனை என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில்தான் இந்த இடத்தையும் டேப்பால் அளந்தேன். மேசையின் குட்டைப் பக்கம் சுவரை ஒட்டி நிற்கிறது. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி, அந்தப் பக்கம் இரண்டு. மறு முனையில் ஃப்ரிட்ஜ் கதவு திறக்க வேண்டும், அங்கே யாரும் உட்கார முடியாது. நானே நாற்காலியில் உட்கார்ந்து, தட்டு வைத்து, முழங்கை எங்கே போகிறது, எத்தனை இடம் வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டேன். அவருக்கு இந்தப் பக்கத்தில் சுவர் ஓரத்து நாற்காலி. நிறைய யோசித்துத்தான் அதை எடுத்துவைத்தேன், அதில் உட்கார்ந்தால் சுவர் அவருடைய இடது கைப்பக்கமாக வரும். சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் அந்தக் கை மறைவாக வேலை பார்க்கலாம். எதிரே இருக்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும், ஜெனிட்டா நிமிர்ந்தே பார்க்காத பெண். இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. மத்தியானத்துக்கு மேல் வார்னிஷ் ஒரு கோட்டு, இந்தக் கத்திரி வெயிலில் ராத்திரிக்குள் காய்ந்துவிடும், காயாமல் ஒட்டிக்கொண்டு தட்டோடு வந்தால் என்ன செய்வது, வராது, காயும்.

உள்ளே சத்தமில்லை. எவ்வளவு நேரமாக இல்லை? நான் தேய்க்கிற சத்தத்தில் கேட்கவில்லையா, அல்லது இல்லவேயில்லையா. கட்டில் கிறீச்சிடவில்லை, தொண்டையைச் செருமவில்லை, நார் வாக்கு என்றும் சொல்லவில்லை, நான் இவ்வளவு நேரம் வேண்டுமென்றே கொஞ்சம் குறுக்கேயும் இழுத்துப் பார்த்தேனே, அதற்குமா ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்று வரலாம் என்று டாக்டர் சொன்னார், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார், முதலில் வந்தது எச்சரிக்கை மாதிரி அம்மா என்று. எச்சரிக்கையே ஒரு பக்கத்தை வாரிக்கொண்டு போனால் மிச்சம் என்னவாக இருக்கும். முதல் தடவையும் இப்படித்தான், நான் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தேன், உள்ளே டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது, என்னங்க உடைச்சீங்க என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். கையை நிறுத்தினேன். மூச்சையும் நிறுத்தினேன். தெருவில் ஒரு ஆட்டோ போகிறது, ஃப்ரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி அடங்குகிறது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தால் என்ன என்று கேட்பார், என்ன என்று கேட்கிறாரே என்று நிம்மதியாகத்தான் இருக்கும், ஆனால் கேட்காவிட்டால். உப்புத்தாளைப் பிடித்தபடி குந்தியிருக்கிறேன், கதவையே பார்த்துக்கொண்டு.

கதவு திறந்தது. தடி முதலில் வந்தது, பின்னால் கைலி, பின்னால் அவர். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "ஏன் நிறுத்திட்ட?" என்றார். "ஒண்ணுமில்லயே." "ஒண்ணுமில்லன்னா ஏன் நிறுத்துற, விழுந்து கிழுந்து தொலச்சியோன்னு..." மீதியைச் சொல்லவில்லை. இவர் அங்கே என் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நான் இங்கே இவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, நல்ல குடித்தனம் போங்கள். தடியை மேசையில் சாய்த்துவிட்டு இடது உள்ளங்கையைப் பலகைமேல் வைத்துத் தடவினார். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு. நல்லாயிருக்கிறது என்று சொல்ல மாட்டார் என்று தெரியும், சொல்லவுமில்லை. "இது எதுக்கு?" என்றார். "சாப்பிடத்தான். நாளைக்குப் பெலிக்ஸும் ஜெனிட்டாவும் வர்றாங்க." "யார் யார் எங்க?" சுவர்ப் பக்கத்து நாற்காலியைக் காட்டினேன், இது உங்களுக்கு என்றேன். போய்விடுவார் என்று நினைத்தேன், கதவைச் சாத்திக்கொள்வார், நான் போனை எடுத்துப் பஸ் ஸ்டாண்டிலேயே சாப்பிட்டுவிடு என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல வேண்டியதுதான். அவர் தடியை எடுத்து நாற்காலிக் காலைத் தட்டிப் பார்த்தார், ஆடுகிறதா என்று. அப்புறம் மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். "தட்டக் கொண்டா, பாப்போம்" என்றார்.

ஒர்க்‌ஷாப் புத்தி. எதையும் பொருத்திப் பார்க்காமல் விட மாட்டார். காலித் தட்டைக் கொண்டுவந்து வைத்தேன். "காலித் தட்ட வச்சு என்னத்தப் பாக்குறது, சோத்தப் போடு." தூள் அப்பிய கையைக் கழுவினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, சோறும் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் கொண்டுவந்து வைத்தேன், டம்ளரில் தண்ணீர் வைத்தேன், வைத்துவிட்டு வழக்கப்படி வெளியே போகத் திரும்பினால் வெளியே என்று ஒன்று இல்லை, இதுதான் வெளியே. ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது கையை மேலே எடுத்தார். எடுத்த வேகத்தில் முழங்கை சுவரில் நங்கென்று இடித்தது. மறுபடி எடுத்தார், மறுபடி இடித்தது, விரலில் இருந்த சோறு செய்தித்தாளில் கொட்டியது. கையை ஒடுக்கி, உடம்பை வளைத்து, வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனார். அதற்கும் எட்டவில்லை. கையைக் கீழே வைத்துவிட்டார். "யாருடி அளந்தது?" என்றார். "நான்தான்." "எந்தக் கைய வச்சு அளந்த?" நான் என் கையைப் பார்த்தேன். வலது கை. நாற்காலியில் நான் உட்கார்ந்து, என் வலது முழங்கைக்கு இடம் விட்டு, என் வலது கைக்குக் கோடு போட்டு, அவருடைய இடது கையை ஒளித்துவைக்கத்தான் இடம் தேடினேனே தவிர, அந்தக் கைதான் சாப்பிட வேண்டும் என்பது என் புத்தியில் ஏறவேயில்லை. ஊருக்கெல்லாம் கை அளந்து ரவிக்கை தைக்கிறவள். வெட்கமாக இருந்தது. "ஒளிக்கலாம்னு பாத்தேங்க" என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்தார், முழங்கை இடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"தூக்கு" என்றார். தோளைப் பிடித்துத் தூக்கினேன். தடி ஊன்றி மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார், எதிர்ப்பக்கத்துச் சுவர் ஓரத்து நாற்காலிக்கு. அதில் உட்கார்ந்தால் சுவர் வலது பக்கம் வருகிறது. உயிரில்லாத கையைச் சுவரோரம் மடியில் வைத்துவிட்டு, இடது கையை நன்றாக நீட்டி மடக்கினார். எங்கும் இடிக்கவில்லை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற இடம் அது, கூடத்திலிருந்து பார்த்தால் தெரியும், எதிரே உட்கார்ந்தால் தெரியும். தட்டை நகர்த்திக் கொடுத்தேன். தட்டைப் பார்த்தார். அப்புறம் இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார், நெஞ்சுக்குக் கொண்டுவந்தார், எந்தத் தோள் முதலில் என்று ஒரு நொடி குழம்பினார், இரண்டு தோளையும் தொட்டு முடித்தார். சாப்பிட்டார். கட்டை விரல் சரியாக மடங்கவில்லை, ரசம் மணிக்கட்டுக்கு வழிந்தது, பாதிச் சோறு தட்டிலேயே திரும்ப விழுந்தது. பெலிக்ஸ் ஜன்னலைப் பார்த்த மாதிரி எனக்கும் எங்காவது பார்த்துவிடலாம் போல இருந்தது. பார்க்கவில்லை. அவரையே பார்த்தேன். "நின்னுக்கிட்டு என்ன வேடிக்க, நீயும் போட்டுக்கிட்டு உக்காரு, பக்கத்துல" என்றார். எனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு அவருடைய இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை மாசமாயிற்று இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டு. முதல் வாயிலேயே என் வலது முழங்கை அவர் இடது முழங்கையில் இடித்தது. இரண்டாவது வாயிலும். அவர் கையை நிறுத்தினார். "நாளைக்கு இந்த எடத்துல யாரு?" என்றார்.

"பெலிக்ஸ்" என்றேன். இடிக்கும் என்பது எனக்கும் தெரிந்துவிட்டது, நாற்காலியைத் தள்ளிப் போட வழியில்லை, ஃப்ரிட்ஜ். வேண்டுமானால் ஜெனிட்டாவை இங்கே போட்டு, வேண்டாம், மருமகளை மாமனார் கையிலா இடிக்கவிடுவது, நானே இங்கே உட்கார்ந்து அவனை எதிரே, என்று என் தலைக்குள் நாற்காலிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் தட்டில் இருந்த பருக்கைகளை விரலால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக. "அவன இடது கையால சாப்பிடச் சொல்லு" என்றார். "ரெண்டு பேருக்கும் இடதுன்னா இடிக்காது" என்றார், பலகையைப் பார்த்தபடி. "மறந்திருப்பானோ என்னமோங்க" என்றேன். "மறந்திருக்க மாட்டான்" என்றார். டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார், டம்ளரெல்லாம் ரசம், அப்படியே பலகைமேல் வைத்தார், வார்னிஷ் இல்லாத மரத்தில் ஈர வட்டம் விழுந்தது.

எழுந்து கைகூடச் சரியாகக் கழுவாமல் போனை எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். "சாப்பிட்டுட்டு வராதீங்கடா" என்றேன், "வீட்டுல மேச போட்டாச்சு, அப்பா பக்கத்துல ஒனக்கு எடம். எடம் கொஞ்சம் நெருக்கம். அப்பா சொல்றாரு, நீ இடது கையால சாப்பிடணுமாம். வலதுன்னா அவருக்கு இடிக்குமாம்." லைன் போய்விட்டதா என்று போனைப் பார்த்தேன், போகவில்லை. "டேய்" என்றேன். மேசையிலிருந்து அவர், "என்ன சொல்றான்?" என்றார், கேட்காததுபோலக் கேட்டார். "ஒண்ணும் சொல்லலங்க" என்றேன், "மூக்க உறிஞ்சுறான்." அவர் ஈர வட்டத்தைக் கட்டை விரலால் துடைத்தார். "பசியோட வரச் சொல்லு" என்றார். அப்புறம் பலகையின் ஓரத்தில் விரலை வைத்து, "இங்க குறுக்க இழுத்திருக்க பாரு, வார்னிஷுக்கு முன்னாடி இன்னொரு தடவ தேய்" என்றார்.